ஏற்காடு ஏரியில் குடும்பத்தோடு ஒரு நாள்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய்வந்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம், வண்டி நிறுத்த இடமில்லை, படகுக்கு நீள வரிசை, டிக்கெட் கைக்கு வருவதற்குள் சின்னவன் பசியில் அழ ஆரம்பித்துவிட்டான், சாப்பிட்டு எழுந்தால் மழை. ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்கள். கிளம்பும் நேரத்தையும் செய்யும் வரிசையையும் மாற்றியிருந்தால் இதில் பெரும்பாலானது நடந்திருக்காது.

இந்த வழிகாட்டி சேலத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் குடும்பத்துக்கு. பாட்டி தாத்தாவும் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். வரிசை இதுதான்: முதலில் படகு, அடுத்து சாப்பாடு, அப்புறம் பூங்கா, நேரம் மிஞ்சினால் ஒரே ஒரு மலைமுனை (வியூ பாயின்ட்). ஒரே நாளில் பத்து இடம் பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது.

1. நாள் குறிப்பது

வேலை நாளாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. செவ்வாய், புதன் இரண்டும் நல்லவை. லீவு போட முடியாதவர்கள் சனிக்கிழமை காலையைப் பிடியுங்கள். ஞாயிறு காலையில் சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி நான்கு பக்கத்திலிருந்தும் வண்டிகள் ஏறும்.

மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் பூப் பார்க்கப் போகிறவர்களுக்கானவை. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வர நினைப்பவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். காணும் பொங்கலும், தீபாவளியை ஒட்டி வரும் விடுமுறையும் அப்படித்தான்.

மாதம் என்று கேட்டால் என் ஓட்டு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும், வெயிலும் சுடாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை நன்றாகவே இருக்கும். ஆனால் பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம். கீழே சொல்லும் வரிசையில் படகை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2. முந்தைய நாள் இரவே எடுத்து வைக்க வேண்டியவை

காலையில் தேடினால் அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணிதான் மேலே போனதும் ஒன்றரை மணி நேரக் காத்திருப்பாக மாறுகிறது.

கம்பளித் துணி: சேலத்தில் வேர்க்கும்போது ஸ்வெட்டர் எதற்கு என்றுதான் தோன்றும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். தண்ணீரின் மேல் காற்று அடித்தால் இன்னும் குளிரும். பெரியவர்கள் ஒரு சால்வையோடு சமாளித்துவிடலாம். குழந்தைக்குக் காது மூடும் குல்லா கட்டாயம்.

விரிப்பு: ஜமுக்காளம் மட்டும் எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம். காலையில் புல்லில் பனி ஈரம் இருக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஜமுக்காளம் அந்த ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய்த் துண்டு வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் போதும்.

மாற்று உடை: குழந்தைகளுக்கு இரண்டு செட், பெரியவர்களுக்கு ஒன்று. மலையேற்றத்தில் வாந்தி, படகில் தெறிக்கும் தண்ணீர், பூங்காவில் சேறு, எதற்காவது தேவைப்படும். ஒரு செட்டை டிக்கியில் போடாமல் கைக்கு எட்டும் பையில் வையுங்கள்.

பணம்: நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று சில்லறையாக வையுங்கள். வண்டி நிறுத்தம், நுழைவுச்சீட்டு, பஜ்ஜிக் கடை, கழிப்பறை எல்லாம் சிறு தொகைகள். ஜிபே எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் கூட்ட நாளில் சிக்னல் திணறும், பின்னால் வரிசையே நிற்கும்.

மற்றவை: டார்ச், குடை இரண்டு, தினசரி மாத்திரைகள் ஒரு வேளை கூடுதலாக, பழைய செய்தித்தாள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்குப் பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. மலைமேல் அதைச் சோதிக்கவும் செய்வார்கள். எவர்சில்வர் டம்ளரும் பாக்குமட்டைத் தட்டும் எடுத்துக்கொண்டால் தொல்லையில்லை.

3. காலைச் சாப்பாடு, கிளம்பும் நேரம்

ஏழு மணிக்கு வண்டி நகர வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். பாதிக்கு மேல் மலைப்பாதை என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தைக்காக ஒரு இடத்தில் நிறுத்தினாலும் ஒன்பது மணிக்குள் ஏரிக்கரையில் இருக்கலாம்.

பூரி, பொங்கல், வடை வேண்டாம். எண்ணெயும் நெய்யும் வயிற்றில் கிடக்க இருபது வளைவுகள் ஏறினால் எட்டாவது வளைவிலேயே வேலையைக் காட்டும். இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி, அதுவும் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால். வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்று நினைப்பதும் தவறு. காலி வயிறும் குமட்டும்.

வாந்தி மாத்திரை போடும் பழக்கம் உள்ளவர்கள் மலை அடிவாரத்தில் போடக் கூடாது. அது உள்ளே இறங்கி வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

4. மலை ஏறுவது

சேலம் அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். பிள்ளைகளை அந்த எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பொழுதுபோக்குக்காக மட்டும் சொல்லவில்லை. கண் தூரத்தில் இருந்தால் தலைசுற்றல் குறையும். கையில் போனைக் கொடுத்து வீடியோ போட்டுவிட்டால் அடுத்த கால் மணி நேரத்தில் கேரி பேக் தேட வேண்டியிருக்கும், அதுவும் தடை செய்யப்பட்ட பொருள்.

வாந்தி வரும் ஆளை முன் சீட்டில் உட்கார வையுங்கள், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பேருந்தில் போகிறவர்கள் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் இருக்கைகளைப் பிடியுங்கள். கடைசி வரிசை ஒவ்வொரு வளைவிலும் தூக்கித் தூக்கிப் போடும்.

ஏறும்போது காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வார்கள். கைக்குழந்தைக்கு அது தெரியாது, அழும். ஏற்றம் தொடங்கும் நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இதற்காகவே கிளம்பும்போது குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுக்காமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கார் ஓட்டுபவருக்கு மூன்று விஷயம். வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனாலும் இறங்குகிற எல்லாரும் அதை மதிப்பதில்லை, ஹாரன் கொடுத்துத்தான் திரும்ப வேண்டும். வளைவுக்குள் போன பிறகு கியரைக் குறைக்காதீர்கள், நுழையும் முன்பே இரண்டாவதுக்கோ முதலாவதுக்கோ வந்துவிடுங்கள். ஆறு பேர் ஏறிய சிறிய காராக இருந்தால் ஏறும்வரை ஏசியை அணைத்து வையுங்கள், இன்ஜின் இழுக்கும். இருசக்கர வண்டி என்றால் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

வழியில் குரங்குகள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்தி பிஸ்கெட் போடுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒருவர் போடுகிறார், அடுத்து வரும் வண்டியின் கண்ணாடி வழியே அது கையை நீட்டுகிறது. வளைவில் நிற்கும் காரால் பின்னால் வருகிற பேருந்தும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

வாடகைக் காரில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். "அண்ணா, ஏரிகிட்ட இறக்கிவிட்டா போதும், மூணு மணிக்கு எடுத்துக்கலாம், எல்லா பாயின்ட்டும் வேண்டாம்" என்று சொல்லி, காத்திருப்புக் கட்டணத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான சுற்றுலா வரிசைப்படி அவர் ஓட்டிக்கொண்டே இருப்பார், நீங்கள் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பீர்கள்.

5. போய்ச் சேர்ந்ததும் முதல் கால் மணி நேரம்

ஏரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பேருந்து நிலையம், ஒண்டிக்கடை சந்திப்பு, படகு இல்லம், அண்ணா பூங்கா எல்லாம் நடக்கும் தூரத்தில் அடுத்தடுத்து வரும். அதனால் வண்டியை ஒரு முறை நிறுத்தினால் மூன்று மணி வரை எடுக்கத் தேவையில்லை. நிறுத்தும்போது வண்டி வெளியே பார்த்து நிற்கும்படி பின்னோக்கி விட்டு நிறுத்துங்கள். மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது ரிவர்ஸ் எடுக்க இடம் இருக்காது.

முதல் வேலை கழிப்பறை. படகில் ஏறிய பிறகு பாதி ஏரியில் "அம்மா, அவசரம்" என்று குரல் வந்தால் வழியே கிடையாது.

இரண்டாவது வேலை ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவர் டிக்கெட் வரிசைக்கு, ஒருவர் பிள்ளைகளோடு, ஒருவர் பெரியவர்களுக்கு உட்கார இடம் பார்க்க. குடும்பமே மொத்தமாக வரிசையில் நிற்பதுதான் அங்கே தினமும் நடக்கிறது. நின்று நின்று பாட்டிக்குக் கால் வீங்கும், பிள்ளைகள் வரிசையை விட்டு ஓடும்.

மூன்றாவது, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஒரு இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். படகு இல்ல டிக்கெட் கவுன்டர் போதும். அப்பாவின் போன் நம்பரைப் பேனாவால் முழங்கையில் எழுதிவிடுவது இன்னும் நல்லது.

6. படகு

இதை முதலில் செய்யச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். படகு இல்லம் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குட்டையாக இருக்கும். காலையில் காற்றும் குறைவு, ஏரி அசையாமல் கிடக்கும். நேரம் போகப் போகக் காற்று எழும்பும். பெடல் படகை மிதிப்பவருக்கு அந்த வித்தியாசம் தொடையில் தெரியும். மழையோ பனிமூட்டமோ இறங்கினால் படகை நிறுத்திவிடுவார்கள். பிற்பகலுக்கு ஒத்திப் போட்டவர்கள் டிக்கெட்டே இல்லாமல் திரும்புவது இப்படித்தான்.

எந்தப் படகு என்பதில்தான் வாக்குவாதம் வரும். பிள்ளைகள் பெடல் படகு கேட்பார்கள். மிதிக்கப் பலமுள்ள இரண்டு பெரியவர்கள் இருந்தால் எடுங்கள். மிதிகட்டைக்குக் கால் எட்டாத பத்து வயதுப் பையனை நம்பி எடுத்தால் அப்பா ஒருவரே மிதித்து, படகு ஒரு பக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டி தாத்தா, கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் படகோட்டியோடு வரும் துடுப்புப் படகுதான் சரி. விலை கொஞ்சம் கூடும், ஆனால் சத்தமில்லாமல் போகும், அவரே கரைக்கு ஒட்டி நிறுத்தி இறக்கிவிடுவார். மோட்டார் படகு சீக்கிரம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடும். மழை மிரட்டுகிற நாளுக்கும், காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்கும் அது உதவும். பெரிய குடும்பம் என்றால் இரண்டாகப் பிரியுங்கள். எல்லாரும் ஒரே படகில்தான் ஏறுவோம் என்று அடம்பிடித்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும்.

டிக்கெட் வாங்கும்போது மூன்று கேள்வி: எத்தனை நிமிடம், எத்தனை பேர், முன்பணம் உண்டா. முன்பணம் வாங்கினால் அந்த ரசீதைத் தனியாக வையுங்கள். நேரம் தாண்டினால் அதிலிருந்துதான் பிடிப்பார்கள்.

உயிர்காப்பு ஜாக்கெட்டை மாட்டுவது ஒப்புக்கு நடக்கிறது. தலையில் போட்டு, கொக்கிகளைத் தொங்கவிட்டு, போட்டோ எடுத்தவுடன் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். கொக்கி எல்லாம் மாட்டி, வார்களை இழுத்துக் கட்டிய பிறகு, பிள்ளையின் தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது பெரிய அளவு. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே போகும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். தயங்காமல் சிறிய அளவு கேளுங்கள், இல்லையென்றால் அந்தப் பிள்ளையைக் கரையில் விடுங்கள். கைக்குழந்தைக்குப் பொருந்துகிற ஜாக்கெட் கிடைக்கவில்லை என்றால் குழந்தையோடு ஒருவர் கரையில் இருந்துவிடுவதே நல்லது. மற்றவர்கள் வந்ததும் அவர் போகட்டும்.

ஏறும்போதுதான் ஆட்டம் அதிகம். படகின் ஓரத்தில் கால் வைத்தால் அந்தப் பக்கம் சாயும், கரையில் இருக்கும் இன்னொரு கால் விலகும். "நடுவுல கால் வையுங்கம்மா, கையக் குடுங்க, அப்படியே உட்காருங்க" என்று படகுக்காரர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்கிறபடி செய்தால் போதும். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். எடையுள்ளவர்கள் இரண்டு பக்கமும் சமமாக. சேலை கட்டியவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். மேட்டுச் செருப்பு போட்டிருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெடல் படகு எடுத்தவர்களுக்கு ஒரு விஷயம். கிளம்பும்போது தண்ணீரைப் பாருங்கள், சிற்றலை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில் போங்கள். போகும்போது காற்றை எதிர்த்து மிதிப்பது கஷ்டம்தான், ஆனால் அப்போது காலில் தெம்பு இருக்கும். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். தெரியாதவர்கள் காற்றோடு சுகமாகப் போய்விடுகிறார்கள், திரும்பும்போது மிதித்தாலும் படகு நகராது. அரை மணி நேர டிக்கெட் என்றால் பன்னிரண்டாவது நிமிடத்தில் திருப்பிவிடுங்கள்.

போனைக் கழுத்தில் மாட்டும் கயிறோடு வையுங்கள். செல்ஃபிக்காக ஒருவர் எழுந்து நிற்க, மற்றவர்கள் ஒரே பக்கம் சாய, படகு ஆடும். உட்கார்ந்தபடியே எடுங்கள்.

7. சாப்பாடு, பன்னிரண்டரைக்கு முன்

படகை விட்டு இறங்கும்போது பத்தரை ஆகியிருக்கும். ஏரிக்கரையோரம் கொஞ்சம் நடந்து, டீ குடித்து, பதினொன்றே முக்கால் வாக்கில் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். ஒரு மணிக்கு எல்லா ஓட்டலும் நிறைந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் கை கழுவிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டுச்சோறு என்றால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். காலை ஆறு மணிக்குக் கிளறிய தயிர்சாதம் மதியம் புளித்துவிடாமல் இருக்க, குழைந்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி இரண்டே கரண்டி தயிர் சேருங்கள். வழியிலேயே உறைந்து, சாப்பிடும்போது பதமாக இருக்கும். தேங்காய் அரைத்த சட்னியும் தேங்காய் சாதமும் வேண்டாம், கெட்டுவிடும். பொரித்த உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய், ஊறுகாய் போதும். சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பியிருக்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால்தான் அப்படி ஆகிறது, கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பூங்காவுக்குள் சாப்பாடு விரிக்கலாமா என்று நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். கூடாது என்றால் வெளியே முடித்துவிட்டுப் போங்கள். எங்கே உட்கார்ந்தாலும் பாத்திரத்தைத் திறக்கும் முன் தலைக்கு மேல் ஒரு முறை பாருங்கள், குரங்கு இருந்தால் இடத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுப் பையை எப்போதும் ஒருவர் மடியிலோ காலுக்கிடையிலோ வைத்திருக்க வேண்டும். குரங்கு பையைப் பிடித்துவிட்டால் இழுத்துப் போராடாதீர்கள், விட்டுவிடுங்கள். புளிசாதம் போனால் போகட்டும், கடிபட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி தொடங்க வேண்டும்.

ஏற்காட்டின் மிளகாய் பஜ்ஜியைச் சாப்பிடாமல் வர முடியாது என்பது எனக்கும் தெரியும். அதைச் சாப்பாட்டுக்கு முன் வாங்காதீர்கள். பிள்ளைகள் பஜ்ஜியில் வயிற்றை நிரப்பிக்கொண்டு சாதத்தைத் தொட மாட்டார்கள், கட்டிக்கொண்டு வந்தது வீணாகும். நாலு மணி சுக்கு காபியோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்கள் கண் எதிரே எண்ணெயிலிருந்து எடுப்பதை மட்டும் வாங்குங்கள்.

8. அண்ணா பூங்கா

படகு முடிந்து, வயிறும் நிறைந்த பிறகு உள்ளே போனால் யாரும் எதற்கும் அவசரப்பட மாட்டார்கள். அதற்காகத்தான் இதை மூன்றாவதாக வைத்தேன். காலையில் முதலில் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஈரப் புல்லில் உட்காரவும் முடியாமல், படகு வரிசை நீளுகிறதே என்ற பதற்றத்தோடு நடந்துகொண்டே இருப்பார்கள். மதியத்துக்குள் புல் காய்ந்திருக்கும்.

முதலில் இடம் பிடியுங்கள். பிள்ளைகளின் ஊஞ்சலும் சறுக்குமரமும் கண்ணுக்குத் தெரிகிற தூரம், பாதி நிழல் பாதி வெயில் விழும் இடம். முழு நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பெரியவர்களுக்குக் குளிரெடுக்கும். முழு வெயில் இன்னும் மோசம். குளிர்ந்த காற்றால் சுடுவது தெரியாது, இரவில் முகம் எரியும்போதுதான் தெரியும். தேனடை தொங்கும் மரத்தடி வேண்டவே வேண்டாம்.

பெரியவர்களைப் பூங்கா முழுக்கச் சுற்ற வைக்காதீர்கள். ஒரு சுற்று போதும். பிறகு தார்ப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் தாத்தா. இரண்டு மணி நேரம் இங்கேயே போகட்டும். சீட்டுக்கட்டு, பல்லாங்குழி, ஒரு பந்து, இவை போதும். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பக்கத்துக் குடும்பமும் ஓய்வெடுக்கத்தான் வந்திருக்கிறது.

பூப்பாத்திக்குள் இறங்கிப் போட்டோ எடுப்பதும், பிள்ளை கேட்டது என்று ஒரு பூவைக் கிள்ளுவதும் அபராதத்தில் முடியலாம்.

9. மலைமுனை, ஒன்றே ஒன்று

மூன்று மணிக்கு மேல் எல்லாருக்கும் தெம்பு இருந்தால் மட்டும் இது. தாத்தா கண் அசந்துவிட்டார் என்றால் எழுப்ப வேண்டாம், இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

என் தேர்வு லேடீஸ் சீட். ஏரியிலிருந்து சில நிமிட வண்டிப் பயணம். சேலம் நகரமும் நீங்கள் ஏறி வந்த வளைவுகளும் கீழே தெரியும், பிள்ளைகள் காலையில் எண்ணிய வளைவுகளைத் தேடுவார்கள். நல்ல தெளிவு இருக்கிறதா என்று கிளம்பும் முன் வானத்தைப் பாருங்கள். பனிமூட்டம் மூடியிருந்தால் வெள்ளைத் திரையைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போவீர்கள். பகோடா பாயின்ட் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எதிர்ப்பக்கம். இரண்டையும் சேர்த்தால் மாலை வண்டிக்குள்ளேயே கழியும்.

கிளியூர் அருவிக்குப் போகலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அந்த அருவிக்குப் போகிறது. காலையில் படகில் போனபோதே ஏரி தளும்பாமல் இருந்தால் அருவியிலும் பெரிதாகத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருக்கிற காலத்தில் இறங்கும் பாதை வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் அங்கே அழைத்துப் போகாதீர்கள். இளைஞர்களுக்கு அதற்கென்று தனி நாள் வைத்துக்கொள்ளலாம்.

10. வாங்குவது

காபித்தூள், மிளகு, தைலம் எல்லாம் கிளம்பும் நேரத்தில் ஒண்டிக்கடைப் பக்கம் வாங்குங்கள். காலையிலேயே வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். மிளகைக் கையில் எடுத்துப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும், விரலால் நசுக்கினால் எளிதில் நொறுங்கக் கூடாது. சீசனில் பலாப்பழமும் பட்டர் ஃப்ரூட்டும் கிடைக்கும். பழுத்த பலாவை மூடிய காரில் வைத்து மலையிறங்குவது, வாந்தி வருகிறவர்கள் உள்ள குடும்பத்துக்கு நல்லதல்ல. காயாக வாங்குங்கள்.

11. இறங்குவது

ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இருட்டும் பனிமூட்டமும் சேர்ந்தால் அடுத்த வளைவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மாலைக்குப் பிறகு காட்டெருமைகள் சாலைக்கு வருவதும் உண்டு. பார்த்தால் ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை வண்டிக்குள்ளேயே இருங்கள்.

ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். மூன்றாவதிலோ நியூட்ரலிலோ விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். ரப்பர் கருகுகிற மாதிரி வாடை வந்தால் வளைவு இல்லாத அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று சாவியை அணைத்து உருட்டிக்கொண்டு போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். இன்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

புதிதாக மலையில் ஓட்டுபவர்கள் குப்பனூர் வழியாக இறங்கலாம். தூரம் அதிகம், ஆனால் அவ்வளவு நெருக்கமான வளைவுகள் இல்லை. கோடை விழா நாட்களில் போலீசாரே ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று பிரித்துவிடுவதும் உண்டு, அன்றைக்குக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பேருந்தில் திரும்புகிறவர்கள், பாதி வழியில் நின்று கைகாட்டாமல் பேருந்து நிலையத்துக்கே போய் ஏறுங்கள். ஐந்து மணிக்கு மேல் அங்கேயே இருக்கைகள் நிறைந்துவிடும், அடுத்த நிறுத்தத்தில் ஏறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருபது வளைவுகளையும் நின்றபடி இறங்க வேண்டிவரும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியவுடனே நேரக் காப்பாளரைக் கேட்டு, அதற்கு முந்தைய பேருந்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.